திருகோணமலையில் இருந்துகொண்டு தொழில்நுட்பத்தின் அரசியலை ஆராய்வது எப்படி

அரசியல் விஞ்ஞானத்தில் சிறப்புப் பட்டம் செய்யும் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்புக் கேட்டு வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. பாதிப் பேரிடம் “சமூக ஊடகங்களும் ஜனநாயகமும்” இருக்கும். கொஞ்சம் துணிந்தவர்களிடம் “செயற்கை நுண்ணறிவும் அரச இறைமையும்” இருக்கும். தலைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் “பிள்ளைக்கு ஊர் எங்கே?” என்றுதான் நான் கேட்பேன். கிண்ணியா என்றால் பாலம் இருக்கிறது. சீனன்குடா என்றால் எண்ணெய்க் குதம். சம்பூர் என்றால் மின்சாரம். கந்தளாய் என்றால் குளக்கட்டும் வாய்க்காலும்.

நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்று இப்போது உவர்மலையில் இருக்கிறேன். உத்தியோக காலத்தில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தோடுதான் போனது: ஒரு பொருளைக் கட்டுகிறார்கள், பூட்டுகிறார்கள், மக்கள் கையில் கொடுக்கிறார்கள்; அதை யார் தீர்மானித்தார்கள், யாருக்கு வசதி, யார் வெளியே நிற்கிறார்கள்? இதை ஆராய கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ இருக்கவேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. திருகோணமலை பஸ் நிலையத்தில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடங்களை வைத்தே ஒருவர் பேராசிரியர் ஆகலாம். எப்படி என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் ஒரு பொருள், அப்புறம் தலைப்பு

பொருள் என்றால் தொட்டுப் பார்க்கக்கூடியது. பாலம், குதம், மின்மாற்றி, கியூ.ஆர். அட்டை, விண்ணப்பப் படிவம். அதைத் தெரிவுசெய்ய மூன்று விஷயம் பார்ப்பேன். காலையில் பஸ் ஏறிப் போய் பின்னேரம் திரும்பி வர முடியுமா? அதைப் பற்றி எங்கேயாவது கடதாசி இருக்கிறதா? அதனால் யாருக்காவது நட்டம் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். நட்டப்பட்டவர் ஒருவரும் இல்லாத பொருள் பொறியியல் பீடத்துக்குரியது, அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

சமூக ஊடகம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் வழி இருக்கிறது. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். 2024 இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. இதையெல்லாம் தேசிய மட்டத்தில் எழுதக் கொழும்பில் ஆட்கள் நிறைய. அந்த நாட்களில் மத்திய வீதியில் வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து வியாபாரம் செய்தவர் என்ன செய்தார், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு குடும்பம் எப்படிப் பேசியது என்று போய்க் கேட்டு எழுத ஆளில்லை.

வின்னரை வாசியுங்கள், அவரைத் திருத்தியவர்களையும் வாசியுங்கள்

இந்தத் துறையில் எல்லோரும் தொடங்கும் ஆள் லங்டன் வின்னர். பெர்க்லியில் அரசியல் கோட்பாடு படித்தவர், பிறகு நியூயோர்க் மாநிலத்து ரென்சலேயர் தொழில்நுட்பக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியர். இளம் வயதில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகைக்கு இசை விமர்சனமும் எழுதியிருக்கிறார். அவருடைய நடை ஏன் அவ்வளவு இலகுவாக இருக்கிறது என்பதற்கு எனக்கு அது போதுமான விளக்கம். 1980 இல் அவர் எழுதிய கட்டுரையின் கேள்வி, கருவிகளுக்கு அரசியல் உண்டா என்பது. இரண்டு விதமாக உண்டு என்கிறார். ஒரு சர்ச்சையைத் தங்களுக்குச் சாதகமாகத் தீர்க்கும் விதத்தில் ஒரு பொருளை வடிவமைக்கலாம். அல்லது அந்தப் பொருளே ஒரு குறிப்பிட்ட அதிகார அமைப்பைக் கேட்கும். அணுசக்தி நிலையம் என்றால் காவலும் இரகசியமும் மேலிருந்து கட்டளையும் கூடவே வந்துவிடும்.

முதல் வகைக்கு அவர் சொன்ன உதாரணம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நியூயோர்க்கின் கட்டுமானங்களை அரை நூற்றாண்டு ஆட்டிவைத்த ரொபேர்ட் மோசஸ், லோங் ஐலண்ட் பூங்காச் சாலைகளுக்கு மேலான பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார், பஸ் புகமுடியாது, ஏழைகளும் கறுப்பின மக்களும் பஸ்ஸில்தான் வருவார்கள், ஆகவே கடற்கரைக்கு வரமுடியாது. கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் கதை. 1999 இல் பேர்ன்வார்ட் ஜோர்கெஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் இதைத் தோண்டிப் பார்த்தார். அத்தகைய சாலைகளில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் எப்படியும் அனுமதி இல்லை, கடற்கரைக்குப் போக வேறு பாதைகள் இருந்தன என்று எழுதினார். அதே ஆண்டு வேறு இருவர் அந்தக் கடற்கரைக்கான பஸ் நேர அட்டவணையையே எடுத்துக் காட்டினார்கள்.

பிள்ளைகளுக்கு நான் இரண்டையும் ஒரே நாளில் வாசிக்கக் கொடுப்பேன். வின்னரின் கேள்வி இன்னும் நல்ல கேள்விதான். ஆனால் கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நேர அட்டவணையைப் போய்ப் பார்க்கவேண்டும். திருகோணமலையில் அழகான கதைகளுக்குக் குறைவில்லை. குதத்தைப் பற்றித் தேநீர்க் கடையில் கேட்டால் மூன்று நாட்டு உளவுத்துறையும் நாலு சுரங்கப் பாதையும் வரும்.

என் அபிப்பிராயத்தில் அவருடைய பலமான உதாரணம் பாலம் அல்ல, தக்காளி. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1940களின் கடைசியில் இருந்து தக்காளி பறிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியது. 1960களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 4,000 தக்காளிச் செய்கையாளர்கள். 1973 இல் ஏறத்தாழ 600 பேர். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு எங்கள் வயல்களில் கதிர் வெட்டும் பெண்களின் கூலிக்கு என்ன நடந்தது என்று தம்பலகாமத்தில் போய்க் கேளுங்கள், தக்காளி உடனே விளங்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வின்னர் பிறந்தது கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற கரையோர ஊரில். அதற்குக் கிட்டவே டயாப்லோ கன்யன் அணு மின்நிலையத்தைக் கட்டினார்கள். அதைப் பார்க்கப் போனபோது கடலில் ஒரு திமிங்கிலம் மேலே வந்ததைப் பற்றி எழுதி, 1986 இல் வந்த தன் நூலின் பெயரிலேயே திமிங்கிலத்தையும் அணு உலையையும் சேர்த்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆளும் கடைசியில் சொந்த ஊர்க் கடற்கரைக்குத்தான் வந்து நின்றார்.

பாலம் இல்லாத இடம்

கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு மாணவி மோசஸின் பாலத்தை வாசித்துவிட்டு, “மிஸ், அங்கே பாலம் கட்டி ஆட்களை மறித்தாங்க. எங்கட ஊர்ல கட்டாமலே மறிச்சாங்க” என்றாள். அந்தப் பிள்ளைக்கு அதற்குமேல் தலைப்பு தேடவேண்டி இருக்கவில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. 396 மீட்டர். அதுவரை பாதையில்தான் அக்கரை போகவேண்டும். கிழக்கில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி இழுக்கும் மிதவை என்பதை வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், மீன் பெட்டியை ஐஸ் கரைய முன்னம் சந்தைக்குச் சேர்ப்பதும் பாதைக்காரரின் நேரத்தைப் பொறுத்தது. பாலம் வந்ததும் அந்தக் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணியில், புதிய பாலம் கட்டுவதற்காக இருந்த பழைய பாலத்தை எடுத்துவிட்ட காலத்தில், 2021 நவம்பர் 23 காலை படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் செத்தார்கள்.

இதை ஆராய்கிறவர் உணர்ச்சியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை, ஆனால் கேள்விகளைச் சின்னதாக்கவேண்டும். பழைய பாலத்தை எடுப்பதற்கு முன் மாற்றுவழி பற்றி எந்த அலுவலகத்தில் பேசினார்கள்? கட்டுமான ஒப்பந்தத்தில் இடைக்காலப் போக்குவரத்துக்கென்று ஒரு வரியாவது இருந்ததா? ஒரு மிதவைக்கு அனுமதி கொடுப்பது, அதன் பாரத்தைப் பரிசோதிப்பது, மிதப்பு அங்கி இருக்கிறதா என்று பார்ப்பது சட்டப்படி எவரெவர் வேலை? ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் எங்கேயோ ஒரு ஃபைலில் இருக்கும். இல்லாவிட்டால், இல்லை என்று எழுத்தில் வாங்குவதும் ஆய்வுதான்.

கந்தளாய், அல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்க்கால் இருக்கிறது. நீர்ப்பாசனமும் ஒரு தொழில்நுட்பம் என்பதை அரசியல் விஞ்ஞானத் துறைகள் மறந்துபோகின்றன. 1957 ஜூலையில் எழுதப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை மொழிப் பிரச்சினைக்காகவே படிப்பிக்கிறோம். அதிலேயே, குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரையும் அங்கே வேலை செய்வோரையும் தெரிவுசெய்யும் அதிகாரம் பிராந்திய சபைகளுக்கு என்று இருக்கிறது. வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, அதன் கரையில் யாருக்குக் காணி என்பது இந்த மாவட்டத்தில் தேர்தல் முடிவையே மாற்றிய விஷயம். அடுத்த ஆண்டே ஒப்பந்தம் கிழிந்தது. வாய்க்கால்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் சீக்கிரம் போங்கள்.

குதத்தின் கடதாசி

கடதாசியை வாசிக்கப் பழகுவதற்குச் சீனன்குடாக் குதங்களைப் போல ஒரு பொருள் இலங்கையில் வேறு கிடையாது. பிரித்தானியர் கடற்படைக்காகக் கட்டியவை, இன்று 99 இருக்கின்றன. பெரும்பாலானவை எத்தனையோ காலமாக எண்ணெயைக் காணாமல் காட்டுக்குள் நிற்கின்றன. எண்ணெய் இல்லாத குதத்தின் மேல் இவ்வளவு அரசியல் ஏன் என்பதுதான் கேள்வி.

தொடங்கவேண்டியது 1987 ஜூலை 29. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எல்லோரும் வாசிப்பார்கள். அன்றே ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பிள்ளைகள் புரட்டுவதில்லை. அதை எடுத்து மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகப் போங்கள். திருகோணமலையையோ இலங்கையின் வேறு துறைமுகத்தையோ இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டினதும் இராணுவப் பாவனைக்குக் கொடுக்கக்கூடாது என்று ஒரு வரி. திருகோணமலை எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்குவது இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக இருக்கும் என்று அடுத்தது. அதற்கடுத்தது வானொலி: வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களோடு செய்த உடன்படிக்கைகளை மீளாய்வு செய்து, அந்த வசதிகள் பொது ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்படுவதையும் இராணுவ, உளவு வேலைக்குப் பயன்படாததையும் உறுதிசெய்யவேண்டும். ஜேர்மனியின் டொய்ச்ச வெலே வானொலிக்குத் திருகோணமலையில் மறுஒலிபரப்பு நிலையம் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு அந்த வரியைத் திரும்ப வாசித்தால் அன்டெனாக் கம்பங்களின் அர்த்தமே வேறு. துறைமுகம், எண்ணெய், அலைவரிசை மூன்றும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து வருகின்றன. இனப்பிரச்சினைக்கான ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதம் இது. மாணவர்கள் முகத்தில் இந்த இடத்தில் ஒரு மாற்றம் வரும், அதைப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தை எடுத்தேன்.

அதன் பிறகு 2003, இந்திய அரச எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி. வருகிறது. அப்புறம் 2022 ஜனவரி. அந்த உடன்படிக்கையில் 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ஒரு கூட்டுக் கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐ.ஓ.சி.க்கு 49. 1987 இல் ஒரு வரியாக இருந்தது 2022 இல் குதம் குதமாகப் பங்கிடப்படுகிறது. நடுவில் 35 வருடம் ஏன் போனது என்பது ஒரு கலாநிதிப் பட்டத்துக்குக் காணும்.

சம்பூருக்குப் போகிறவர் கொஞ்சம் மின்சாரம் படிக்கவேண்டும். 2006 இல் சனங்கள் இடம்பெயர்ந்த நிலத்தில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டம் போட்டார்கள். ஊர்ச்சனமும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள், வழக்குப் போனது, 2016 இல் அரசாங்கம் கைவிட்டது. 2025 ஏப்ரலில் அங்கேயே 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குக் கொழும்பில் இருந்து இணையவழியாக அடிக்கல் வைத்தார்கள். 500 க்குப் பதில் 120, ஏறத்தாழ நாலில் ஒன்று என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புவேன். சூரிய ஒளி இரவில் இல்லை, முகிலில் குறையும்; வருடம் முழுக்கச் சராசரி பார்த்தால் அந்தக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் வரும். கொள்ளளவைச் சொல்லும் மெகாவாட்டையும் உற்பத்தியாகும் மின்சாரத்தைச் சொல்லும் அலகையும் பிரித்தறியாதவர் எழுதும் அரசியலை எந்தப் பொறியியலாளரும் இரண்டாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். ஒரு மின் பொறியியலாளரைச் சிநேகிதம் பிடியுங்கள். அவர்களுக்கும் தங்கள் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் சந்தோஷம்.

தகவல் கேட்பது

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முதல் எங்கள் தலைமுறை ஒரு அறிக்கைக்காகக் கச்சேரி வாங்கில் உட்கார்ந்து யாருடைய மச்சானாவது உள்ளே வேலை செய்கிறாரா என்று விசாரித்தது. இப்போது ஒரு தாளும் முத்திரையும் போதும், ஆனாலும் மாணவர்கள் விண்ணப்பத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். “படகுப் பாதை ஏன் பாதுகாப்பாக இருக்கவில்லை?” என்று கேட்டால் தகவல் அலுவலருக்குப் பதில் சொல்ல ஒன்றுமில்லை; அது அபிப்பிராயம். இப்படிக் கேளுங்கள்:

“2021 ஜனவரி 1 முதல் நவம்பர் 23 வரை குறிஞ்சாக்கேணிப் படகுப் பாதை தொடர்பாக உங்கள் அலுவலகம் வழங்கிய அனுமதிக் கடிதங்களின் பிரதிகள், அவை பற்றி ஆராயப்பட்ட கூட்டங்களின் அறிக்கைப் பிரதிகள், அத்தகைய ஆவணம் இல்லையெனில் இல்லை என்பதைக் குறிப்பிடும் கடிதம்.”

திகதி, பொருள், ஆவணத்தின் வகை. அவ்வளவுதான். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டியதில்லை, சட்டமே அப்படிச் சொல்கிறது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியின் மூலையில் பின் அடித்து வையுங்கள், நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தேசிய பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, வர்த்தக இரகசியம் என்று மறுப்பு வரும். குதம் விஷயத்தில் இது நிச்சயம் வரும். பொதுநலன் அதைவிடப் பெரிது என்றால் மறுக்கக்கூடாது என்று 5 ஆம் பிரிவின் 4 ஆம் உட்பிரிவு இருக்கிறது. மேன்முறையீட்டில் அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் நாட்களில் பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட் வாசியுங்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசம். அங்கே தமிழில் பேசியது தமிழிலேயே அச்சாகிறது. சிங்களம் வாசிக்கத் தெரியாமல் இந்த ஆய்வைப் பாதிதான் செய்யலாம். சுற்றறிக்கைகளும் உள் குறிப்புகளும் பெரும்பாலும் அந்த மொழியில்தான் கிடைக்கும். சரி, பேச வராவிட்டாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கவாவது பழகுங்கள்.

வீட்டுக்குப் போய்ப் பேசுவது

கடதாசிக்கு அடுத்தது ஆட்கள். இதற்கு வேர்ஜீனியா யூபாங்க்ஸ் என்ற பேராசிரியையை வாசிக்கச் சொல்வேன். நியூயோர்க் மாநிலத்து அல்பனிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிப்பவர். அமெரிக்காவில் ஏழைகளுக்கான உதவியைக் கணினி தீர்மானிக்கத் தொடங்கியபோது என்ன நடந்தது என்பதை 2018 இல் நூலாக எழுதினார். இந்தியானாவில் நலன்புரி விண்ணப்பம், லொஸ் ஏஞ்சலிஸில் வீடற்றோர் பட்டியல், பென்சில்வேனியாவில் சிறுவர் பாதுகாப்பு. மென்பொருள் செய்தவர்களிடமும் பேசினார், ஆனால் முதலில் போனது விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கு.

எங்களுக்கு அஸ்வெசும இருக்கிறது, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதாந்த உதவிப் பணம். 2023 ஜூலையில் இந்தத் திட்டம் தொடங்கியபோது மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நாலு படிகள் இருந்தன. எந்தக் குடும்பம் எந்தப் படியில் என்பதை மின்சாரப் பாவனை, வாகனம், வீடு, நோய் போன்ற குறிகாட்டிகளுக்குப் புள்ளி போட்டுத் தீர்மானிக்கிறார்கள். முன்பிருந்த சமுர்த்தி உதவித் திட்டத்தின் உத்தியோகத்தரோடு சண்டை பிடிக்கலாம், எம்.பி.யின் ஆளைப் பிடிக்கலாம். நல்லதோ கெட்டதோ ஒரு முகம் இருந்தது. புள்ளிக்கு முகம் இல்லை. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். மூதூரில் ஒரு அம்மா பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றைப் பாயில் கொட்டிக் காட்டினார்: படிவத்தின் போட்டோ கொப்பி, மின்சாரப் பில்கள், கணவரின் கிளினிக் கொப்பி, ஓடாத மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகம். “பிள்ளை, இது ஓடாது எண்டு கம்பியூட்டருக்கு ஆர் சொல்லுறது?” என்று கேட்டார். ஆய்வுக் கேள்வியை என்னைவிட நன்றாக அவரே வைத்துவிட்டார்.

தொழில்நுட்பம் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஏதாவது சொல்லி அனுப்புவார்கள். அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். 2022 ஓகஸ்ட்டில், தட்டுப்பாட்டு நேரத்தில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். அட்டை நாடு முழுக்க வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். ஓட்டோக்காரரிடம், பதிவுசெய்தது யாருடைய போனில், அட்டையை எங்கே அடித்து லமினேட் பண்ணினீர்கள், 5 லீற்றர் எந்தக் கிழமையில் எத்தனை நாளுக்குக் கண்டது, ஸ்கேன் ஆகாத அன்று ஷெட்காரர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். நிலாவெளியில் தோணி வைத்திருக்கிறவரிடம் மண்ணெண்ணெய்க்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். வரிசையை ஒழுங்குபடுத்திய நல்ல ஏற்பாடு என்று ஒருவர் சொல்வார், அதையும் எழுதவேண்டும். அது உண்மையாகவே வரிசையைக் குறைத்தது.

ஒரு எச்சரிக்கை. இந்த மாவட்டத்தில் கேள்வி கேட்பவரைக் கண்டால் சனங்களுக்குப் பயம், அதற்குக் காரணமும் உண்டு. நீங்கள் போய்விட்டு வந்த பிறகு வேறு யாராவது போய் “வந்தது யார்” என்று விசாரிக்கலாம். கிராம உத்தியோகத்தருக்குத் தெரிவித்துவிட்டுப் போங்கள். பல்கலைக்கழகக் கடிதத்தை முதலில் காட்டுங்கள். குரலைப் பதிவுசெய்யக் கேட்டு முகம் மாறினால் போனை உள்ளே வையுங்கள், கொப்பி போதும். பெயரைக் கொப்பியிலும் எழுதவேண்டாம், ஒரு எழுத்துப் போதும். குதத்தையும் துறைமுகத்தையும் தடைப் பலகை இருக்கும் இடத்தில் படம் எடுக்க முயலாதீர்கள். ஆய்வுக்குப் படம் தேவையில்லை.

துறை, வேலை, எழுத்து

தமிழர்களில் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் என்றால் ஏ. ஜெயரத்தினம் வில்சனில் இருந்து தொடங்கவேண்டும். பேராதனையில் அந்தத் துறையின் முதல் பேராசிரியர். அவர் காலத்தில் யாப்பு, தேர்தல், கட்சிகள்தான் பாடம், அதில் அவர் மலை. அந்த அடித்தளம் இல்லாமல் நேரே தொழில்நுட்பத்துக்குப் பாயவேண்டாம். மாகாண சபைக்கும் மத்திக்கும் உள்ள அதிகாரப் பங்கீடு தெரியாதவருக்குக் குறிஞ்சாக்கேணிப் பாதை யாருடைய பொறுப்பு என்று எப்படி விளங்கும்?

நேர்முகத் தேர்வில் அரசியல்காரர் இது பொறியியல் என்பார், பொறியியல்காரர் இது அரசியல் என்பார். எனக்கும் நடந்தது. முதல் பட்டமும் முதல் கட்டுரையும் அரசியல் விஞ்ஞானம் என்ற பெயரிலேயே இருக்கட்டும். தற்காலிக உதவி விரிவுரையாளர், பிறகு தகுதிகாண் விரிவுரையாளர், அதற்குள் முதுதத்துவமாணி அல்லது கலாநிதி என்று ஏணி நீளம். பதவி கிடைக்கும்வரை பிரதேச செயலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ வேலை செய்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அலுவலகத்துக்குள் ஃபைல் எப்படி மேசை மேசையாக நகர்கிறது என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் அங்கே போல் படிப்பிக்காது.

எழுதும்போது, முதல் வரைவை முடித்ததும் சிவப்புப் பேனையால் “அமைக்கப்பட்டது”, “தீர்மானிக்கப்பட்டது”, “வழங்கப்பட்டது” எல்லாவற்றுக்கும் கீழே கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் என்று எழுதுங்கள். எழுத முடியாத இடங்கள்தான் அடுத்த தகவல் விண்ணப்பத்தின் பட்டியல். இதை முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலச் சஞ்சிகைக்குப் பிறகு அனுப்பலாம். பேசிய ஆட்களுக்கு ஒரு பக்கத்தில் சுருக்கி, கொண்டுபோய்க் கொடுத்து வாசித்தும் காட்டுங்கள். பாதிப் பிழைகளை அவர்களே பிடிப்பார்கள். மூதூர் அம்மா என் மாணவியின் பக்கத்தை வாசித்துவிட்டு, மோட்டார் சைக்கிள் கணவருடையது அல்ல, தம்பியுடையது, பெயர் மாற்றாமல் கிடக்கிறது என்றார். ஒரு பந்தி முழுதும் மாற்றவேண்டி வந்தது.

ஆவணங்களைத் திகதியில் தொடங்கும் பெயரில் சேமியுங்கள். 1987-07-29 என்று தொடங்கினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கித் தரும். ஒரு பிரதி மடிக்கணினியில், ஒன்று வெளியே ஒரு டிரைவில். தகவல் சட்டத்தில் கிடைத்த கடிதங்களை, ஆட்களின் பெயர் இல்லாதவற்றை மட்டும் பிரித்தெடுத்து, போட்டோ கொப்பி அடித்துக் கட்டி ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். அதே கடிதத்துக்காக அடுத்த பிள்ளையும் முதலில் இருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.